குடைக்கு ஒரு கடை, தொப்பிக்கு ஒரு கடை

குடையும் கைத்தடியும் தவிர வேறொன்றும் விற்பதில்லை என்ற விரதத்தோடு 1830-ஆம் வருஷத்தில் ஆரம்பிக்கப்பட்ட ஒரு கடை, எத்தனையோ அரசர்களும் யுத்தங்களும் வந்து போன பின்னரும், அதே பெயரில், அதே இரண்டு சரக்குகளை நம்பி இன்றும் வியாபாரம் நடத்தி வருகிறது என்றால், அது லண்டனைப் போன்ற ஒரு மகாநகரத்தில்தான் சாத்தியமாகும். சிற்றூர்க் கடைக்காரர் உப்பு முதல் கற்பூரம் வரை எல்லாவற்றையும் வைத்திருந்தால்தான் பிழைக்க முடியும். அவருடைய வாடிக்கைக்காரர்கள் சில நூறு பேர், அவர்களில் ஒரு வருஷத்தில் நல்ல கைத்தடி தேடி வருகிறவர் ஒருவரோ இருவரோதான். சுமார் 90 லட்சம் ஜனங்கள் வசிக்கும் நகரத்திலோ, ஆயிரத்தில் ஒருவருக்கு மாத்திரம் உண்டாகும் அபூர்வமான ஆசைகூட ஒரு கடைக்குப் போதுமான கூட்டத்தைக் கொண்டு வந்து சேர்த்துவிடுகிறது. பெரிய நகரங்களில் காணப்படும் விசித்திரமான கடைகளுக்கெல்லாம் மூலகாரணம் இதுவே. இத்துடன் லண்டனுக்கு வேறு சில அனுகூலங்களும் வாய்த்திருக்கின்றன: தொழிலைத் தலைமுறை தலைமுறையாகக் கைவிடாத குடும்பங்கள், அரண்மனைக்குச் சாமான் கொடுப்பவர் என்ற ராஜ முத்திரையை வாசலில் பொறித்துக்கொள்ளும் வழக்கம், புராதனக் கட்டடங்களை இஷ்டம்போல் இடிக்க விடாத சட்டம்.

இவற்றைக் காண்பதற்குத் தனியாகச் செல்வதே உத்தமம் என்பது என் திடமான அபிப்பிராயம். பிரசித்தி பெற்ற கோட்டையையும் மணிக்கூண்டையும் அரண்மனை வாசலையும் பத்துப் பேராகச் சேர்ந்து போய்ப் பார்த்தாலும் குறைவு ஒன்றுமில்லை. அவை கூட்டத்துக்காகவே நிற்பவை. நான் சொல்லப் போகும் இடங்களோ, யாரோ ஒரு மனிதர் ஏதோ ஒரு பொருளின் மேல் வைத்த தீராத பற்றினால் உண்டானவை. இடுக்கான படிகளும், இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் அறைகளும், ஒரே கண்ணாடிப் பெட்டியின் முன் அரைமணி நேரம் நிற்க வேண்டிய அவசியமும் கொண்டவை. உடன் வந்தவருக்குப் பசிக்கிறதோ, கால் வலிக்கிறதோ, அலுத்துவிட்டதோ என்ற கவலை இருக்கும் வரையில் மனம் அங்கே ஒன்றாது.

முதலில் அந்தக் குடைக் கடையையே எடுத்துக்கொள்வோம். நியூ ஆக்ஸ்போர்டு தெருவின் ஒரு மூலையில், பிரிட்டிஷ் மியூசியத்துக்குச் சமீபத்தில் இருக்கும் ஜேம்ஸ் ஸ்மித் அண்ட் ஸன்ஸ் என்னும் இந்த ஸ்தாபனம் 1857 முதல் இதே இடத்தில் இருந்து வருகிறது. விக்டோரியா மகாராணி காலத்து அலங்காரம் மாறாத அதன் முகப்பிலே, குடை, கைத்தடி என்பவற்றோடு, உள்ளே கத்தி மறைத்த தடி, குத்துவாள் மறைத்த தடி என்று அந்தக் காலத்துக் கனவான்கள் இருட்டுக்குப் பயந்து வாங்கிய ஆயுதங்களின் பெயர்களையும் இன்றும் எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். 1852-இல் ஸாமுவேல் பாக்ஸ் என்பவர் குழிவான எஃகுக் கம்பியினால் குடைக்கு விலா அமைக்கும் முறையைக் கண்டுபிடித்தபோது, கனமான திமிங்கில எலும்புக் குடைகளை விட்டு அந்தப் புதுமையை முதன்முதலில் ஏற்றுக்கொண்டவர்களில் இவர்களும் உண்டு.

உள்ளே மூங்கிலும் பிரம்பும் செஸ்ட்நட் மரமும் வரிசை வரிசையாக நிற்கின்றன. பிடிகளிலே வாத்துத் தலையும் நாய்த் தலையும் வெள்ளிப் பூணும் மின்னுகின்றன. கைத்தடி வாங்குகிறவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கையைத் தளர்த்தித் தொங்கவிடச் செய்து, மணிக்கட்டின் உயரத்துக்குத் தடியைப் பொருத்தி, மிகுந்த நீளத்தை அறுத்தெறிந்து, அடியிலே பூண் மாட்டிக் கொடுக்கிறார்கள். தடி என்பது யாருக்கும் பொதுவான ஒரு கழி என்று எண்ணியிருந்தவருக்கு, அது உடம்பை அளந்து செய்யப்பட வேண்டிய அங்கம் என்பது அந்தச் சில நிமிஷங்களில் விளங்கிவிடும்.

அங்கிருந்து அரைமணி நேரம் மேற்கே நடந்தால் செயின்ட் ஜேம்ஸ் தெருவை அடையலாம். அதன் 6-ஆம் இலக்கத்தில் இருக்கும் லாக் தொப்பிக் கடை 1676-இல் தோன்றியது. இப்போதுள்ள கட்டடத்துக்கு வந்ததே 1765-இல்தான். ஒரு கண்ணின் பார்வையை இழந்திருந்த நெல்ஸன் தளபதி, கண்ணுக்கு நிழல் தரும் மறைப்புடன் கூடிய தொப்பியை இவர்களிடமே செய்து வாங்கினார். மரக்கிளைகள் தட்டித் தலையில் அடிபடாதபடி வேட்டைக்காட்டுக் காவலர்களுக்கு ஒரு கெட்டியான உருண்டைத் தொப்பி வேண்டும் என்று 1849-இல் எட்வர்டு கோக் என்னும் பிரபு குடும்பத்தவர் கேட்டதற்கிணங்க உண்டானதே, பிற்காலத்தில் ஆங்கிலேயக் குமாஸ்தாக்களின் அடையாளமாக உலகெங்கும் தெரிந்த பௌலர் தொப்பி. செய்து வந்ததைத் தரையில் வைத்து அவர் காலால் மிதித்துப் பரீட்சை செய்த பிறகே பணம் கொடுத்தார் என்று சொல்வது அங்கே வழக்கம்.

ஆனால் அந்தக் கடையில் என் மனத்தைக் கவர்ந்தது தலையை அளக்கும் யந்திரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்ஸிலே கண்டுபிடிக்கப்பட்ட இந்தக் கருவி, பார்வைக்கு உயரமான தொப்பியைப் போலவே இருக்கும். சுற்றிலும் அசையக்கூடிய பல சட்டங்கள். தலையில் கவிழ்த்ததும் ஒவ்வொன்றும் மண்டையின் மேடு பள்ளத்துக்கேற்ப விலகி நிற்க, அவற்றோடு இணைந்த ஊசிமுனைகள் மேலேயுள்ள காகித அட்டையில் அந்த வடிவத்தைச் சிறிதாக்கிக் குத்திவிடுகின்றன. அட்டையைக் கையில் வாங்கிப் பார்க்கிறவர் எவருக்கும் ஆச்சரியம் உண்டாகாமல் இராது. வட்டமென்றும் நீள்வட்டமென்றும் நாம் எண்ணியிருக்கும் தலை, ஒரு பக்கம் புடைத்தும் ஒரு பக்கம் ஒடுங்கியும், வேறெவருடைய தலையைப் போலவும் இல்லாமல் இருப்பதைக் காண்கிறார். அந்த அட்டையைக் கொண்டு கெட்டித் தொப்பியை நீராவியில் இளக்கி அந்தத் தலைக்கே உரியதாக்கிவிடுகிறார்கள்.

சில வாசல் தள்ளி, 3-ஆம் இலக்கத்திலே, 1698-இல் ஒரு விதவை ஆரம்பித்த மளிகைக் கடையிலிருந்து வளர்ந்த பெர்ரி பிரதர்ஸ் என்னும் ஒயின் வியாபார ஸ்தாபனம் இருக்கிறது. காப்பிக்கொட்டை மூட்டைகளை நிறுப்பதற்காக வைத்திருந்த பெரிய தராசில், 1765 முதல், வாடிக்கைக்காரர்களை உட்கார வைத்து நிறுத்து, எடையைப் பேரேட்டில் எழுதிக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. கவி பைரன் பிரபுவின் எடை ஏறி இறங்கிய வரலாறும் அந்தப் பேரேடுகளில் இருக்கிறது. கடையை ஒட்டிய சந்தின் சுவரில் ஒரு பலகை. டெக்ஸாஸ் தனிக் குடியரசாக இருந்த காலத்தில், 1842 முதல் 1845 வரை, அதன் தூதரகம் இந்தக் கட்டடத்தில் இருந்தது என்று அது தெரிவிக்கிறது.

கடைகளை விட்டு வீடுகளுக்கு வருவோம். லிங்கன்ஸ் இன் பீல்ட்ஸ் என்னும் சதுக்கத்தின் 13-ஆம் இலக்க வீட்டைக் காணாமல் லண்டனைக் கண்டேன் என்று ஒருவர் சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கொத்தனாரின் மகனாக 1753-இல் பிறந்து, இங்கிலாந்து பாங்கின் கட்டடச் சிற்பியாக உயர்ந்த ஸர் ஜான் ஸோன் என்பவர், தம் வாழ்நாள் சம்பாத்தியத்தை எல்லாம் சிலைகளிலும் சித்திரங்களிலும் உடைந்த தூண்களிலும் செலவிட்டு, அவற்றைச் சுவரென்றும் கூரையென்றும் பாராமல் இடமிருந்த இடத்திலெல்லாம் பதித்து, மேலிருந்து விழும் வெளிச்சத்தையும் சிறு குவி ஆடிகளையும் கொண்டு ஓர் அறையைப் பல அறைகளாகத் தோன்றச் செய்த வீடு அது. எகிப்திய மன்னன் முதலாம் ஸேதியின் கல் சவப்பேழையை பிரிட்டிஷ் மியூசியம் விலை அதிகம் என்று தயங்கி விட்டுவிட, இவர் 1824-இல் 2,000 பவுன் கொடுத்து வாங்கினார். மறுவருஷம் விளக்கொளியில் மூன்று இரவுகள் விருந்து நடத்தி நண்பர்களுக்கும் பிரமுகர்களுக்கும் காட்டினார்.

அங்கே சித்திர அறை என்று ஒன்று உண்டு. நம் வீட்டுச் சமையலறை அளவே இருக்கும் அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட சித்திரங்கள் அடங்கியிருக்கும் மாயத்தை, அறையின் காவலர் வந்து சுவரைத் திறந்து காட்டும்போதுதான் அறிகிறோம். சுவர் என்று நாம் கருதியவை, கீல் போட்ட பலகைகள். கதவுபோல் விரித்தால் பின்புறத்திலும் சித்திரங்கள், அதற்குப் பின்னும் சித்திரங்கள். ஊதாரி இளைஞன் ஒருவன் பரம்பரைச் சொத்தை அழித்துப் பைத்தியக்கார விடுதியில் முடிகிற கதையை ஹோகார்த் தீட்டிய எட்டுப் படங்களும் இங்கேதான் மறைந்திருக்கின்றன. ஸோனுக்கு அந்தக் கதை வெறும் கலையாக இருந்திருக்க முடியாது. அவருடைய மகன் ஜார்ஜ், தகப்பனாரின் கட்டடக் கலையை இழித்து 1815-இல் பெயரில்லாமல் பத்திரிகையில் எழுதினான். எழுதியவன் மகனே என்று அறிந்த தாய், சில வாரங்களில் இறந்து போனாள். அந்தக் கட்டுரைகளை மரண அடிகள் என்று பெயரிட்டுச் சட்டம் போட்டு மாட்டி வைத்த அந்தத் தந்தை, வீடு மகன் கைக்குப் போகாதபடி 1833-இல் பார்லிமெண்டில் ஒரு தனிச் சட்டமே நிறைவேறச் செய்தார். தாம் இறந்தபோது இருந்தபடியே வீட்டைக் கூடியவரையில் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. 1837-இல் அவர் காலமானது முதல் அந்த விதி காக்கப்பட்டு வருகிறது. அநுமதிக்குக் கட்டணம் இல்லை.

ஸ்பிடல்பீல்ட்ஸ் பகுதியில், போல்கேட் தெரு 18-ஆம் இலக்கத்தில் இருக்கும் டெனிஸ் ஸெவர்ஸ் வீடு வேறு விதமானது. கலிபோர்னியாவிலிருந்து வந்த ஸெவர்ஸ், பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த வீட்டை 1979-இல் வாங்கி, பிரான்ஸிலிருந்து அடைக்கலம் புகுந்த பட்டு நெசவாளர் குடும்பம் ஒன்று அங்கே வாழ்வதாகக் கற்பனை செய்து, 1999-இல் தாம் இறக்கும் வரையில் அந்தக் கற்பனைக்கே அறைகளை அர்ப்பணம் செய்தார். கடித்து வைத்த ரொட்டி, கணகணவென்று எரியும் அடுப்பு, கலைந்த படுக்கை. அடுத்த அறையில் இப்போதுதான் யாரோ எழுந்து போனது போன்ற பிரமை. அங்கே பார்வையாளர்கள் பேசக் கூடாது என்பது நிபந்தனை. இந்த ஒரு நிபந்தனையைத் தனி வழிப்போக்கன் மாத்திரமே சிரமமின்றி நிறைவேற்றுகிறான்.

தேம்ஸ் நதியின் தென்கரையில், செயின்ட் தாமஸ் மாதா கோயிலின் மாடத்தில் 1822-இல் அமைத்த சத்திர சிகிச்சைக் கூடத்தைக் காண ஒடுங்கிய சுழல் படிக்கட்டில் ஏறவேண்டும். மயக்க மருந்து வழக்கத்துக்கு வராத காலத்தில், ஏழைப் பெண்களைக் கட்டைமேல் கிடத்தி, மாணவர்கள் படிப்படியாக உள்ள தட்டுகளில் நெருங்கி நின்று பார்க்க, கை கால்களை அறுத்த இடம் இது. மேஜையின் கீழே ரத்தத்தை ஏந்த மரத்தூள் பெட்டி ஒன்று இருக்கிறது. ரயில் பாதைக்காக, கோயிலை ஒட்டியிருந்த ஆஸ்பத்திரி 1862-இல் வேறிடம் போனபோது கதவு அடைபட்டு, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஒருவரும் எட்டிப் பாராமல் கிடந்து, 1956-இல் ரேமண்டு ரஸ்ஸல் என்பவர் ஏணி வைத்து ஏறியபோதுதான் மீண்டும் உலகத்துக்குத் தெரியவந்தது. நெஞ்சுரம் குறைந்தவர்கள் அங்கே அதிக நேரம் தங்க வேண்டாம்.

புஸ்தகப் பிரியர்கள் ஸெஸில் கோர்ட் என்னும் சந்துக்குப் போகலாம். 1764-இல் எட்டு வயதுச் சிறுவன் மோஸார்ட் குடும்பத்தோடு தங்கிய அந்தச் சந்தில், பழைய தேசப்படங்கள், பழைய நாடக விளம்பரங்கள், குழந்தைப் புஸ்தகங்கள் என்று ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு துறை. பக்கத்திலே சேரிங் கிராஸ் ரோடின் 84-ஆம் இலக்கத்தில் இருந்த மார்க்ஸ் அண்ட் கோ என்னும் பழம்புஸ்தகக் கடை, எழுத்தாளர் ஹெலீன் ஹான்ப் அக்கடையோடு நடத்திய கடிதப் போக்குவரத்தைத் தொகுத்து 1970-இல் வெளியிட்ட புஸ்தகத்தினால் சிரஞ்சீவிப் புகழ் பெற்றது. ஆனால் கடை மறைந்து, சுவரில் ஒரு நினைவுத் தகடு மாத்திரம் எஞ்சியிருக்கிறது. அந்த ரஸ்தாவில் புஸ்தகக் கடைகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. வாடகை ஏறும்போது முதலில் மூச்சுத் திணறுவது இப்படி ஒரே சரக்கை நம்பியவர்கள்தான்.

தனியே செல்கிறவர் கவனிக்க வேண்டிய லௌகிக விஷயங்களும் சில உண்டு. ஸோனின் வீட்டுக்குத் திங்களும் செவ்வாயும் விடுமுறை. குடைக் கடை ஞாயிறன்று திறப்பதில்லை. ஸெவர்ஸ் வீட்டுக்கு முன்னதாகவே சீட்டு வாங்கிவிட வேண்டும். பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் ஒரே அட்டையைக் காட்டிப் பிரயாணம் செய்தால், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் கட்டணம் எடுப்பதில்லை என்ற வரம்பு உண்டு. உணவுக்கு, பப் என்னும் விடுதிகளில் கவுன்டரிலே சொல்லிப் பணம் கொடுத்துவிட்டு, புஸ்தகத்தோடு ஒரு மூலையில் உட்காரலாம். தனியாக வந்திருக்கிறாரே என்று ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாடகக் கொட்டகைகளில் ஜோடி ஆசனங்கள் தீர்ந்த பிறகும் ஒற்றை ஆசனம் அங்கங்கே மிஞ்சியிருப்பது வழக்கமாதலால், கடைசி நேரத்தில் போகிற ஒற்றை ஆளுக்கே அதிர்ஷ்டம்.

மாலையில் பொழுது மிஞ்சினால் கிரீனிச்சுக்குப் போய், தென்கரைத் தொழிலாளிகள் எதிர்க்கரைத் துறைமுகங்களுக்கு வேலைக்குப் போவதற்கென்று 1902-இல் நதிக்கு அடியில் திறந்த நடைச்சுரங்கத்தில் இறங்கலாம். 370 மீட்டர் நீளம், இருபுறமும் வெள்ளை ஓடு பதித்த சுவர், கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கும். அக்கரையில் படியேறினால் ஒரு சிறு பூங்கா. அங்கிருந்து சில நிமிஷ நடையில் ரயில் நிலையம், நகரத்துக்குத் திரும்ப அடிக்கடி வண்டி.