மூக்குக் கண்ணாடிக்கு ஏற்ற வில்லை எது?

மூக்குக் கண்ணாடி அணிந்தவர் இல்லாத இல்லம் இக்காலத்தில் அரிது. ஆயினும் கடைக்குச் செல்லும் நம்மவர் சட்டத்தின் அழகை ஆராய்கின்றனரேயன்றி, அதில் பதிக்கும் வில்லை எப்பொருளால் ஆனது என வினவுவதில்லை.

இப்பொருளில் கன்னட நாட்டுக்கும் தமிழகத்துக்கும் பழம்பெருமை உண்டு. கிருஷ்ணதேவராயர் காலத்து வியாசராயர் மூக்குக் கண்ணாடியின் துணையால் சுவடி படித்த செய்தியைச் சோமநாத கவியின் 'வியாசயோகி சரிதம்' கூறுகிறது. தஞ்சையை அடுத்த வல்லத்தில் கிடைத்த படிகக் கல்லிலும் வில்லைகள் கடைந்தனர். படிகம் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று பெரியோர் நம்புவர். அது எளிதில் கீறல் படாது என்பது மெய். ஆனால் புறஊதாக் கதிரைத் தடுக்காது. ஆதலால் அதனை மருந்தென எண்ணிப் பெரும்பொருள் செலவிட வேண்டா.

கண்ணாடி வில்லை தெளிவானது, கீறலையும் தாங்கும். எனினும் கனமானது, உடையக்கூடியது. நம் மேல்கோட்டை யோகநரசிம்மர் மலைப் படிகளில் ஒருமுறை நழுவி விழுந்தால் சில்லுச் சில்லாகிவிடும்.

1940களில் அமெரிக்காவில் உருவான சி.ஆர். 39 என்னும் பிளாஸ்டிக், கண்ணாடியின் எடையில் ஏறத்தாழப் பாதியே உடையது, தெளிவிலும் குறைந்ததன்று. கீறல் படும் என்பதே குறை. கீறல் தாங்கும் பூச்சுடன் வாங்குவதும், வேட்டி முனையால் துடைக்காமல் முதலில் நீரில் கழுவுவதும் நலம்.

பாலிகார்பனேட் இதனினும் மெல்லியது. அடி தாங்குவதில் மிகச் சிறந்தது. புறஊதாக் கதிரையும் தடுக்கும். ஓடியாடும் குழந்தைகளுக்கும், ஒரு கண்ணில் மட்டுமே நல்ல பார்வை உள்ளவர்களுக்கும் இதுவே தக்கது. எஞ்சிய கண்ணைச் சில்லுக்குப் பலியிடலாகாது அன்றோ! ஆனால் ஒளியின் நிறங்களைப் பிரிக்கும் இயல்பு இதற்கு மிகுதி. சி.ஆர். 39-க்கு 58 ஆக உள்ள ஆபே எண் இதற்கு 30 மட்டுமே. ஆகையால் பவர் மிகுந்தால் ஓரங்களில் வண்ணக் கீற்றுத் தோன்றலாம்.

பவர் மிகுந்தவர்கள் ஒளிவிலகல் எண் 1.67 உடைய வில்லையைக் கேட்கலாம், விளிம்பு தடிக்காது. சிறிய சட்டமும் அதற்குத் துணை செய்யும். பவர் குறைந்தோர்க்கு அதனால் பெரும்பயன் இல்லை, விலைதான் கூடும்.

சுருங்கக் கூறின், படிக்க மட்டும் அணியும் முதியோர்க்குப் பூச்சிட்ட சி.ஆர். 39 போதும், பிள்ளைகளுக்குப் பாலிகார்பனேட் வேண்டும். எதை வாங்கினும் பொருளின் பெயரையும் எண்ணையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை வில்லை மாற்றும்போது அச்சீட்டு உங்களுக்கு உதவும்.