சிவப்பு எண்ணெய்

1896-ஆம் ஆண்டு. கேம்பிரிட்ஜில் உட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்ட் என்ற மூன்று வேதியியலாளர்கள் சரஸ் என்னும் கஞ்சாப் பிசினைக் காய்ச்சி வடித்துக்கொண்டிருந்தார்கள். காற்றழுத்தத்தை 20 மில்லிமீட்டருக்குக் குறைத்து, வெப்பத்தை 265 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றியபோது கெட்டியான எண்ணெய் ஒன்று வடிந்து வந்தது. அதன் நிறம் சிவப்பு. போதைக்குக் காரணமான சரக்கு இதில்தான் இருக்கிறது என்று கண்டுகொண்ட அவர்கள், குறிப்புகளில் அதைச் ‘சிவப்பு எண்ணெய்’ என்றே எழுதினார்கள். அடுத்த பல பத்தாண்டுகளுக்குக் கஞ்சா ஆராய்ச்சியில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் சிவப்பு அந்தச் சரக்கின் சொந்த நிறம் அல்ல. 1964-இல் இஸ்ரேலில் கயோனியும் மெக்கூலமும் போதை தரும் டிஎச்சி என்ற மூலக்கூறைத் தனியே பிரித்து, அதன் அமைப்பையும் சொன்னார்கள். அதையே ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்த ட்ரோனாபினால் என்ற மருந்தை அமெரிக்க அரசு 1985-இல் அனுமதித்தது. மருந்தின் விவரச்சீட்டில் உள்ள வருணனை: இளமஞ்சள் நிறப் பிசின் எண்ணெய். அப்படியென்றால் கலிஃபோர்னியாவின் உரிமம் பெற்ற கடைகளில் இன்று கண்ணாடிக் குப்பிகளில் நிற்கும் எண்ணெய்களில் ஒன்று தேன் நிறத்திலும், ஒன்று செம்பு நிறத்திலும், ஒன்று ரோஜா நிறத்திலும் இருப்பது ஏன்? (இந்தியாவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா எண்ணெயைச் சரஸின் கணக்கிலேயே சேர்த்துவிட்டது.)

முதல் சந்தேகம் செடியின் மேல்தான் விழும். இலையிலும் பூவிலும் பச்சையம் இருக்கிறது, மஞ்சள் தரும் கரோட்டினாய்டுகள் இருக்கின்றன, மெழுகு இருக்கிறது. சாரம் எடுக்கப் பயன்படும் ஆல்கஹால், டிஎச்சியோடு இவற்றையும் இழுத்துக்கொண்டு வரும். கீரையில் புளியை விட்டு வேகவைத்தால் பச்சை மங்கிப் பழுப்பாவதை எந்தச் சமையலறையிலும் பார்க்கலாம். அமிலமும் சூடும் சேர்ந்து பச்சையத்தின் நடுவில் இருக்கும் மெக்னீசியத்தைக் கழற்றிவிடுகின்றன. கஞ்சாச் சாரத்திலும் நடப்பது அதே வேலைதான். பச்சையம் கனமானது, சாரத்தைக் காய்ச்சி வடிக்கும்போது ஆவியாக எழாது. ஆனால் கொதி துள்ளினால் கறுத்த கசடு ஆவியோடு தொற்றி ஏறி, வடிந்த எண்ணெயைக் கெடுத்துவிடும்.

செடியைவிடப் பெரிய குற்றவாளி வெப்பமும் காற்றும். டிஎச்சி, கஞ்சாவிலுள்ள இன்னொரு பொருளான சிபிடி இரண்டுமே ஃபீனால் வகையைச் சேர்ந்தவை; சூட்டில் ஆக்சிஜன் கிடைத்தால் நிறம் மாறும் இனம். அதனால்தான் இன்றைய ஆலைகளில் அழுத்தத்தைக் கேம்பிரிட்ஜ்காரர்கள் எட்டிய அளவில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இறக்குகிறார்கள். அழுத்தம் குறையக் குறைய, எண்ணெய் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். சூடான சுவரில் அதை மெல்லிய படலமாகத் தேய்த்துப் பரப்பும் எந்திரங்களும் வந்துவிட்டன. எண்ணெய் சூட்டில் நிற்கும் நேரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. குழாய் இணைப்பில் சிறு கசிவு இருந்தால் போதும், பொன்னிறமாக வர வேண்டியது பழுப்பாக வரும். 265 டிகிரியில் காய்ச்சிய எண்ணெய் சிவக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ரோஜா நிறத்துக்கு வேறொரு கதை உண்டு. அது சூடானில் தொடங்குகிறது. கார்ட்டூமில் இருந்த வெல்கம் ஆய்வகத்தில் வில்லியம் பீம் என்ற வேதியியலாளர், பிடிபட்ட பொருள் கஞ்சாதானா என்று கண்டுபிடிக்க 1911 வாக்கில் ஒரு சோதனையை வகுத்தார். சாரத்தில் ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சில துளிகள் விட்டால் ஊதா நிறம் தோன்றும். பல நாடுகளின் காவல்துறை ஆய்வகங்கள் இதைக் கைக்கொண்டன. இதில் ஒரு வேடிக்கை: ஊதாவாக மாறுவது போதை தரும் டிஎச்சி அல்ல, போதை தராத சிபிடி. காரத்தின் துணையோடு காற்றிலுள்ள ஆக்சிஜன் சிபிடியைக் குயினோன் என்ற நிறமுள்ள பொருளாக மாற்றிவிடுகிறது என்று மெக்கூலம் குழு 1968-இல் விளக்கியது. சிபிடி அதிகமுள்ள எண்ணெய் அலமாரியில் இருந்தபடியே இளஞ்சிவப்பாகவும் ஊதாவாகவும் மாறுவதற்குப் பின்னால் இருப்பதும் இந்தக் குயினோன்கள்தான். எண்ணெயில் அப்படி மாறியது மிகச் சொற்பம். ஆனால் குயினோன் துளி இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.

வைத்திருக்கும் இடமும் முக்கியம். கஞ்சாத் தயாரிப்புகளைக் கெடுப்பதில் வெளிச்சத்துக்கே முதலிடம் என்று லண்டனில் ஃபேர்பர்ன் குழு 1976-இல் காட்டியது. டிஎச்சி பழையதாகும்போது சிபிஎன் என்ற வேறொரு பொருளாக மாறும். எண்ணெய் பழுப்பானால் சிபிஎன் கூடிவிட்டது என்று வியாபாரிகள் சொல்வது இதை வைத்துத்தான். அதில் பாதிதான் உண்மை. தூய சிபிஎன் நிறமற்ற படிகம். பழுப்பைத் தருவது அதனோடு கூடவே பிறக்கும் பிற ஆக்சிஜனேற்றப் பொருள்கள்.

இதையெல்லாம் மறைக்கவும் வழி இருக்கிறது. சமையல் எண்ணெய் ஆலைகளில் நிறம் நீக்கப் பயன்படும் அதே வகை வெளுப்புக் களிமண் வழியாகச் செலுத்தினால் பழுப்பு எண்ணெய் வெளுத்து வெளியே வரும். அதிலுள்ள சிபிஎன் மறுபடி டிஎச்சி ஆகிவிடாது. வாங்குபவர் கண்ணுக்கு மட்டும் அது புதிய சரக்கு.

வெளிர்நிறம் என்றால் தரம் என்று நம்புவது எவ்வளவு ஆபத்து என்பது 2019-இல் அமெரிக்காவில் தெரிந்தது. ஆவியாக்கி உள்ளிழுப்பதற்கான கள்ளச்சந்தைக் குப்பிகளில் கஞ்சா எண்ணெயோடு வைட்டமின் ஈ அசிடேட்டைக் கலந்து விற்றார்கள். அதுவும் இளமஞ்சள், அதுவும் கெட்டி, வாசனையும் கிடையாது. நல்ல எண்ணெயிலிருந்து கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. நுரையீரல் பாதித்த 51 நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தைச் சோதித்தபோது 48 பேரிடம் அந்தப் பொருள் இருந்தது. 2020 பிப்ரவரி வரை மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களுமாக 2,807 பேர். அவர்களில் 68 பேர் உயிரிழந்தார்கள்.

(தொடரும்)