ஒரே துளை, இரண்டு திசை

மாணவர்களே, ஓர் உறிஞ்சுகுழலின் மேல்பகுதியில் குண்டூசியால் சிறு துளை இடுங்கள். அந்தக் குழலால் தண்ணீர் குடித்துப் பாருங்கள். துளை வழியே காற்று புகுந்து, தண்ணீர் குமிழிகளோடு வாய்க்கு வரும். இப்போது குழலின் கீழ்நுனியை விரலால் அடைத்துக்கொண்டு ஊதுங்கள். அதே துளை வழியே காற்று வெளியே சீறும். துளை ஒன்றுதான், அழுத்தம் மாறியதால் காற்றின் திசை மாறிவிட்டது.

டர்போ பொருத்திய பெட்ரோல் காரின் காற்றுக் குழாயில் விரிசல் விழுந்தாலும் இதேதான் நடக்கிறது. இயந்திரத்தின் வெப்பத்தில் ரப்பர் குழாய்கள் நாளடைவில் விறைத்து விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசலைப் பட்டறையில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

காற்று செல்லும் பாதை

உள்ளே வரும் காற்று முதலில் வடிகட்டியைக் கடக்கிறது. பல கார்களில் அடுத்து இருப்பது காற்றோட்ட உணரி. அதிலுள்ள மெல்லிய சூடான கம்பியை, கடந்துபோகும் காற்று குளிரச் செய்யும். அதைச் சூடாகவே வைத்திருக்கத் தேவைப்படும் மின்சாரத்தைக் கொண்டு காற்றின் நிறை கணக்கிடப்படுகிறது. 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். இந்தக் கணக்கை வைத்தே காரின் கணினி பெட்ரோலை அளந்து தெளிக்கிறது.

உணரியைத் தாண்டிய காற்றை டர்போ அழுத்துகிறது. அதனால் சூடேறும் காற்றை இண்டர்கூலர் குளிர்விக்கிறது. அடுத்து, திறந்து மூடும் திராட்டில். அதற்குப் பின், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டு.

வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். கார் சிவப்பு விளக்கில் நிற்கும்போது திராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். சிலிண்டர்கள் உறிஞ்சுவதால் மேனிஃபோல்டில் அழுத்தம் 30 முதல் 40 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடும். நெடுஞ்சாலையில் முந்திச் செல்ல முடுக்கினால், டர்போவின் உதவியால் அதே இடத்தில் அழுத்தம் 150 கிலோபாஸ்கலையும் தாண்டலாம்.

மூன்று இடம், மூன்று அடையாளம்

உணரிக்கும் டர்போவுக்கும் இடையில் விரிசல் இருந்தால், அங்கே எப்போதும் உறிஞ்சல்தான். கணக்கில் வராத காற்று உள்ளே நுழையும். கலவையில் பெட்ரோல் குறையும்.

டர்போவுக்கும் திராட்டிலுக்கும் இடையில் இருந்தால், கார் நிற்கும்போது பெரிதாக எதுவும் தெரியாது. முடுக்கும்போதுதான் சிக்கல். ஏற்கெனவே கணக்கிடப்பட்ட காற்று வெளியே ஓடிவிடும். பெட்ரோல் மிகுந்து கரும்புகை வரலாம், வேகம் எடுக்காது, 'உஸ்' என்ற ஓசையும் கேட்கலாம்.

திராட்டிலுக்குப் பின்னால் இருந்தால் இரண்டுமே நடக்கும். நிற்கும்போது காற்று உள்ளே புகுந்து இயந்திரம் குலுங்கும். முடுக்கும்போது காற்று வெளியேறும்.

எனவே மெக்கானிக் முதலில் கேட்பது, "கோளாறு எப்போது தெரிகிறது?" என்பதே. அடுத்து, கணினி எத்தனை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டிச் சரிசெய்கிறது என்று பார்ப்பார். நிற்கும்போது அந்த அளவு 10 விழுக்காட்டைத் தாண்டி, இயந்திரத்தை நிமிடத்துக்கு 2,500 சுற்றுகளில் ஓட்டும்போது இறங்கினால், திராட்டிலுக்குப் பின்னால் உள்ள பகுதி மீதே சந்தேகம். காற்றின் மொத்த அளவு கூடும்போது, கசிவின் பங்கு சிறிதாகிவிடும் அல்லவா?

இடத்தை உறுதிசெய்ய, இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் குழாய்க்குள் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்துவார்கள். விரிசலில் புகை கசியும். அழுத்தம் கூடினால் மட்டுமே திறக்கும் விரிசலாக இருந்தால், அழுத்தப்பட்ட காற்றைச் செலுத்திச் சவர்க்கார நீரைத் தெளிப்பார்கள். குமிழி வரும் இடமே விரிசல்.

இப்படிப் பார்க்காமல், எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் உணரியையோ டர்போவையோ மாற்றினால் பணம்தான் வீண். பல பெட்ரோல் கார்களில் பிரேக்குக்கு உதவும் உறிஞ்சலும் மேனிஃபோல்டிலிருந்தே கிடைக்கிறது. அந்தக் குழாய் கசிந்தால் பிரேக் மிதி கெட்டியாகிவிடும். அது உயிருக்கே ஆபத்து. ஆனால் இந்தச் சோதனைகளை நீங்களே செய்து பார்க்க வேண்டாம். பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

சிந்திக்க: டர்போ இல்லாத காரில், திராட்டிலுக்குப் பின்னால் துளை விழுந்தால் காற்று வெளியே சீறுமா? விடையை உங்கள் உறிஞ்சுகுழலிடமே கேளுங்கள்.