பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஒரு மேசைமேல் கட்ட முடியுமா? பொம்மை வீரர்கள் சொல்லும் போர் வரலாறு

"பொம்மை வச்சு விளையாடுற வயசா இது?" போர்க்காட்சி மாதிரி செய்பவர்கள் எல்லோரும் கேட்டுப் பழகிய கேள்வி இது. ஆனால் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் பூமியில் நடந்த ஒரு போரை மேசைமேல் கொண்டுவர முயன்றால், அது எவ்வளவு பெரிய வரலாற்று வேலை என்பது புரிந்துவிடும்.

டயோரமா என்றால் என்ன?

நிலம், மரம், சுவர், மனிதர்கள் எல்லாவற்றையும் ஒரே அளவு விகிதத்தில் சுருக்கி, ஒரு நிகழ்வின் ஒரு நொடியை நிறுத்திக் காட்டுவதுதான் டயோரமா. நமக்கு இது புதிதல்ல. நவராத்திரிக் கொலுவில் மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டு 'பார்க்' கட்டுகிறோமே, அதுவும் இந்த வகைதான். பேண்டு வாத்திய செட் பொம்மைகளும் அங்கே உண்டு. கொலுவில் யானையைவிடச் செட்டியார் பெரிதாக இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். போர்க்காட்சியில் அது நடக்காது.

பொம்மை வீரர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

1893-ல் லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளே கூடான ஈய வீரர்களை வார்க்கத் தொடங்கியது. அந்த 54 மில்லிமீட்டர் உயரமே இன்றும் சேகரிப்பாளர்களின் பொது அளவு. 1913-ல் எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் இவர்களை வைத்துப் போர் விளையாட்டு ஆடுவதற்கே விதிமுறைப் புத்தகம் எழுதினார். பின்னர் ஈயம் போய் பிளாஸ்டிக் வந்தது. பழைய ஈய பொம்மைகளைக் குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது, ஈயம் நஞ்சு.

கோட்டையின் அளவு தெரியுமா?

தெரியும். 1801 முற்றுகையில் இருந்த கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்: நீளம் சுமார் 500 அடி, அகலம் 300 அடி, சுவர் 12 அடி உயரம், சிறு சதுரக் கொத்தளங்கள், சுற்றிலும் முள்வேலி. முழுக்க மண் கோட்டை!

இனி கணக்கு. 54 மி.மீ. வீரர் என்றால் விகிதம் ஏறக்குறைய 32-ல் ஒரு பங்கு. கோட்டை மட்டுமே பதினைந்தரை அடி நீளம் வரும். வீட்டுக் கூடம் போதாது. 72-ல் ஒரு பங்கு என்றால் நீளம் ஏழு அடி, அகலம் நாலு அடிக்குச் சற்று மேல், சுவர் 2 அங்குலம், வீரர் 24 மி.மீ. இது ஒரு பெரிய மேசையில் அடங்கும்.

எங்கே தவறு நடக்கும்?

முதலில், ஆண்டு. 1799 செப்டம்பரில் பானர்மேன் தாக்கியபோது கட்டபொம்மன் இருந்தார். அக்டோபர் 16-ல் கயத்தாறில் அவரைத் தூக்கிலிட்டுவிட்டார்கள். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடித்துத் தள்ளிய கோட்டையைச் சில நாட்களிலேயே மீண்டும் எழுப்பினார். மார்ச் 31-ல் கம்பெனியின் தாக்குதல் தோற்றது. மே 24-ல்தான் கோட்டை விழுந்தது. ஆக, 1801 காட்சியில் கட்டபொம்மன் பொம்மையை வைக்கவே கூடாது.

அடுத்து, தோற்றம். 1959-ல் வந்த சினிமாவும், 1974-ல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையும் நம் மனதில் கல் கோட்டையாகப் பதிந்துவிட்டன. சுவரை மண் நிறத்தில்தான் பூச வேண்டும். அசல் கரிசலை அப்படியே பரப்பினால் காய்ந்ததும் வெடித்துவிடும்; மணலும் பசையும் கலக்க வேண்டும். கோடைக் காட்சி என்றால் வெடித்த நிலமே பொருத்தம்தான். மரத்துக்குப் பனையும் உடையும் போதும். சீமைக் கருவேலத்தை நட்டுவிடாதீர்கள். அது இங்கே வேரூன்றியது அதற்கு வெகுகாலம் பின்னால்.

மூன்றாவதுதான் கடினம்: யார் எந்தப் பக்கம்? கம்பெனிப் படையில் சிவப்புச் சட்டை போட்டவர்களில் பெரும்பாலோர் நம்மூர் சிப்பாய்கள். எட்டயபுரத்துப் படையும் கம்பெனியோடு நின்றது. 'வெள்ளைக்காரன் ஒரு பக்கம், தமிழன் ஒரு பக்கம்' என்று அடுக்கினால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் நடந்தது அதுவல்ல.

பொம்மையை எங்கே வைத்தால் என்ன?

வில்லியம் சைபோர்ன் என்ற ஆங்கிலேய அதிகாரி வாட்டர்லூ போரைப் பல்லாயிரம் ஈய உருவங்களோடு 1838-ல் செய்து முடித்தார். இன்றும் லண்டன் ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரஷ்யப் படை முக்கியமாகத் தெரிந்தது வெலிங்டன் தரப்புக்குப் பிடிக்கவில்லை. பிறகு ஏராளமான பிரஷ்ய உருவங்களை அவர் எடுத்துவிட்டார். வெற்றி யாருடையது என்பதைப் பொம்மையின் இடமே சொல்லிவிடுகிறது.

எங்கே தொடங்கலாம்?

முழுக் கோட்டை வேண்டாம். ஒரு சாண் பலகை போதும். கோட்டை விழுந்த நாளில் நடந்ததாக வெல்ஷ் எழுதிய ஒரு நிகழ்வு: காயமடைந்த மகனைத் தேடி ஒரு தாய் களத்துக்கு வருகிறாள். "என்னை விடு, ஊமைத்துரையைக் காப்பாற்று" என்கிறான் மகன். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வரும்போது, பெண்கள் ஊமைத்துரைமேல் துணியைப் போர்த்தி, அம்மை போட்டுச் செத்த பையன் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் பயந்து விலகிப் போகிறார்கள்.

இதற்குப் பீரங்கியும் வேண்டாம், கொத்தளமும் வேண்டாம். ஏழெட்டு உருவங்கள், ஒரு வெள்ளைத் துணி, கொஞ்சம் கரிசல் மண் போதும். ஆனால் கடையில் விற்கும் எந்த வீரர் செட்டிலும் ஒப்பாரி வைக்கும் தாய் கிடைக்க மாட்டாள். அவளை நாமே களிமண்ணில் பிடித்தாக வேண்டும்.