நரம்பு வழியும் நாய்க்கடியும்

நரம்பு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பாதி நரம்பன்று. கையில் நீலமாய்ப் புடைத்துத் தெரிவது இரத்தக் குழாய். குதிகாலுக்கு மேல் கயிறுபோல் இருப்பது தசைநார். உண்மையான நரம்போ வெண்ணிற இழைகளின் கட்டு. செய்தி கொண்டுபோதல் ஒன்றே அதன் தொழில்.

இதற்குத் தலைமை ஸ்தானம் மூளை. அங்கிருந்து தண்டுவடம் முதுகெலும்பினூடே இறங்குகிறது. அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிந்து கைகால் எங்கும் கிளைக்கின்றன. மூளையைச் சேர்ந்த 12 ஜோடி பெரும்பாலும் கண், காது, நாக்கு, முகம் இவற்றுக்குச் செல்கின்றன. சூடும் வலியும் உள்ளே போகும். கட்டளை வெளியே வரும். வேகமான இழைகளில் செய்தி விநாடிக்கு 100 மீட்டர் வரை ஓடும்.

ஆயினும் எல்லாக் காரியமும் மூளையைக் கேட்டு நடப்பதில்லை. களிப்பானையை இறக்கும்போது கை சுட்டால், சுட்டதென்று நாம் உணருமுன்பே கை விலகிவிடுகிறது. அவ்வுத்தரவைத் தண்டுவடமே இடுகிறது. சில்லறைச் செலவுக்குச் சங்கக் காரியதரிசி மத்திய பாங்கியின் அனுமதிக்குக் காத்திராததுபோல என்க. (தணிக்கையில் இச்சில்லறைச் செலவுகளே எனக்கு அதிக வேலை வைப்பவை.)

இதை எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. ஓசூர்ப் பக்கத்துச் சங்கமொன்றில் நான் தணிக்கைக்கு இருந்தபோது, அங்கத்தினர் ஒருவர் தம் மகனைத் தெருநாய் கடித்துப் பத்து நாளாயிற்று என்றார். கெண்டைக்காலில் மிளகாய்ப்பொடி அப்பி, எல்லைக்கு அப்பாலிருந்து வேர் வாங்கிக் கட்டியிருந்தார். “காயம் ஆறிவிட்டதே, ஐயா, இனி ஊசி எதற்கு? ஒருநாள் கூலியல்லவா போகும்?” என்றார்.

காயம் ஆறியது மெய்தான். ஆனால் வெறிநோய்க் கிருமி பாம்பின் விஷம்போல் இரத்தத்தில் ஏறுவதன்று. கடித்த இடத்தின் நரம்பு முனையைப் பற்றி, இழையினுள்ளேயே மூளையை நோக்கி ஏறுகிறது. செய்தி கண்ணிமைப்பதற்குள் கடக்கும் வழியை இது அங்குலம் அங்குலமாகக் கடக்கிறது. ஆகவேதான் நோய் தோன்றப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகிறது. சிலருக்கு ஒரு வாரத்திலும், சிலருக்கு ஓராண்டு கழித்தும் தோன்றுவதுண்டு. முகத்திலோ கழுத்திலோ கடித்தால் வழி குறுகியது, அவகாசமும் குறைவு. மூளையை அடைந்தபின் விழுங்கும் தசைகள் இழுத்துக்கொள்ளும். தண்ணீரைக் கண்டாலே நடுக்கம் வரும். அதன்பின் பிழைத்தவர் உலகெங்கிலும் விரல்விட்டு எண்ணத்தக்கவரே.

கடிபட்டவுடன் ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிஷம் கழுவவேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்; நாளாகிவிட்டாலும் போகாதிருத்தல் தவறு. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். தோலில் போடும் முறையில், முதல் ஊசிக்குப்பின் 3, 7, 28-ஆம் நாட்களில் மீண்டும் போடுவர். இரத்தம் வரக் கடித்திருந்தால் காயத்திலேயே வேறொரு மருந்தும் செலுத்துவர்; தடுப்பூசியின் பலன் உடலில் உண்டாகும்வரை அதுவே காவல்.

வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கிலேயப் பெண் வெறிநோயால் இறந்ததையொட்டி, 1907-இல் குன்னூரில் பாஸ்டர் ஸ்தாபனம் ஏற்பட்டது. வயிற்றில் போட்ட அந்தப் பழைய மருந்து ஆட்டு மூளையினின்று எடுக்கப்பட்டது. நரம்புப் பொருளாகவே இருந்தமையால் சிலருக்கு அதுவே நரம்பைக் கெடுத்ததும் உண்டு. இன்று அது கைவிடப்பட்டு, உயிரணுக்களில் வளர்த்த மருந்து கையில் போடப்படுகிறது.

மாடு வைத்திருப்போர்க்கு ஒரு வார்த்தை. வெறிநாய் கடித்த மாடு, தொண்டையில் ஏதோ அடைத்ததுபோல் வாய்நீர் ஒழுக நிற்கும். கையை வாய்க்குள் விட்டுப் பார்க்கவேண்டாம். கால்நடை வைத்தியரை அழையுங்கள்.

அந்த அங்கத்தினரை அன்றே பையனுடன் ஓசூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நாலாவது ஊசி முடிந்த வாரத்தில் மறுபடி அச்சங்கத்துக்குப் போனேன். பையன் பள்ளிக்கூடம் போயிருந்தான். தகப்பனார் கூலி போன கணக்கை மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.