பாடப்புத்தகத்தில் ஒரு நாங்குநேரி

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தின் பொருளியல் பகுதியில், தமிழகத்தின் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் வரிசையாக வருகின்றன. அதில் நாங்குநேரியும் உண்டு. திருநெல்வேலிப் பிள்ளைகளுக்கு அது நாகர்கோவில் சாலையில் பார்த்த ஊர். நிலம் எடுத்து, ஆட்சிகள் மாறி மாறி வந்தும் அந்த மண்டலத்தின் பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் தரிசாகவே கிடந்தது. ஏன் என்று கேட்காமல், பாடம் ஒரே வரியில் அடுத்த மண்டலத்துக்குப் போய்விடுகிறது.

ஆட்சி மாற்றம் பாடப்புத்தகத்தை எவ்வளவு உலுக்கும் என்பதை 2011 காட்டியது. ஸ்டேட் போர்டு, மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்ற நான்கு பாடத்திட்டங்களையும் ஒன்றாக்கும் சமச்சீர் கல்விப் புத்தகங்கள் அச்சாகிவிட்டன. மே மாதம் அதிமுக ஆட்சிக்கு வந்ததும் அவை நிறுத்திவைக்கப்பட்டன. ஜூலை 18-ல் சென்னை உயர் நீதிமன்றமும் ஆகஸ்ட் 9-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குப் புத்தகம் கிடைத்தது. முந்தைய ஆட்சியை நினைவூட்டிய பகுதிகளில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பொதுத்தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகள் இரண்டு மாதத்தை இழந்தது அநியாயம்.

மத்தியப் பாடத்திட்டத்தில் வெட்டு சத்தமில்லாமல் விழுந்தது. பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி 2022-ல் என்சிஇஆர்டி, பதினோராம் வகுப்பு இந்தியப் பொருளாதாரப் புத்தகத்திலிருந்து வறுமை பற்றிய அத்தியாயத்தையே எடுத்துவிட்டது. வரலாற்றில் முகலாயர் பகுதி போனதைப் பற்றி நாடே பேசியது; வறுமை போனதற்கு அந்த அளவு பேச்சு எழவில்லை.

ஊரோடு ஒட்டிச் சொன்னால் பொருளியல் சட்டென்று பிடிபடும். 2017 ஜூலை 1-ல் வந்த ஜிஎஸ்டி, 2019-ல் வெளியான பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ஏறிவிட்டது. அதை நடத்த நெல்லையில் ஒரு அல்வா பில் போதும். இனிப்புக்கு வரி 5 சதவீதம். அதில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு என்று பில்லிலேயே பிரித்துப் போட்டிருக்கும்.

முக்கூடல் பக்கம் பீடிக் கம்பெனி தரும் இலையையும் தூளையும் சுளகில் வைத்துக்கொண்டு அம்மா பீடி சுற்றுவதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, ஆயிரம் பீடிக்கு என்ன கூலி என்பது மனப்பாடம். ஒன்பதாம் வகுப்பின் அமைப்புசாரா துறைப் பாடத்தை அந்தக் கணக்கிலிருந்தே தொடங்கலாம். அதற்கு எந்த ஆட்சியின் அனுமதியும் வேண்டாம். பாடவேளைதான் வேண்டும். புத்தகத்திலோ வரலாறு, புவியியல், குடிமையியல் எல்லாம் முடிந்து கடைசியில்தான் பொருளியல் வருகிறது. அதற்குள் தேர்வும் நெருங்கிவிடுகிறது.