புகைப்பெட்டி லாரி, காகிதத்தில்

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கட்கிழமை. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்த அயர்லாந்துக் கிளர்ச்சியாளர்கள் டப்ளின் நகரின் தலைமை அஞ்சலகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மாடி ஜன்னல்களிலும் கூரைகளிலும் துப்பாக்கிகள் காத்திருந்ததால், பட்டாளத்தால் தெருவைக் கடக்க முடியவில்லை. கவச வண்டிகள் வேண்டும். ஆனால் கைவசம் எதுவும் இல்லை.

கிடைத்ததை வைத்துச் சமாளித்தார்கள். கின்னஸ் பீர் ஆலையிலிருந்து டெய்ம்லர் லாரிகள் வந்தன. நகருக்கு மேற்கே இன்சிகோரில் நீராவி எஞ்சின் கட்டும் ரயில்வே பட்டறை இருந்தது. எஞ்சினின் முன்புறத்தில், புகை கூடிப் புகைபோக்கிக்குப் போகும் உருளைக்குப் புகைப்பெட்டி என்று பெயர். அப்படிப்பட்ட உருளைகளை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்து லாரியின் தளத்தில் படுக்க வைத்தார்கள். ஓட்டுநரைச் சுற்றி இரும்புத் தகட்டில் ஒரு பெட்டி. அவ்வளவுதான் வண்டி. பீர் ஆலையின் கொதிகலனையே ஏற்றிவிட்டதாகப் பலர் எழுதுவது சுவையான கதை; உண்மையில் அது ரயில் எஞ்சினின் உறுப்பு.

இந்தப் புகைப்பெட்டி இரும்பு குண்டைத் தாங்குமா? கிளர்ச்சியாளர்கள் பலரிடம் இருந்தது 1871ஆம் ஆண்டு மாதிரி மவுசர் துப்பாக்கி. அதன் 11 மில்லிமீட்டர் ஈயக்குண்டு கனமானது, ஆனால் வேகம் குறைந்தது, மென்மையானது. வளைந்த இரும்பில் பட்டால் நசுங்கும், அல்லது வழுக்கி விலகும். அந்தத் தெருக்களுக்கு அந்த இரும்பு போதுமானதாக இருந்தது.

காகித மாதிரி செய்பவர்களுக்கு இந்த வண்டியைப் போல வாய்ப்பானது வேறில்லை என்பேன். வார்ப்பு எஃகும் குழைவான வளைவுகளும் கொண்ட டாங்கியைக் காகிதத்தில் கொண்டுவருவது பெரும்பாடு. இதுவோ தகட்டை வெட்டி, வளைத்து, இணைத்த வண்டி. பட்டறைக்காரர்கள் இரும்பில் செய்ததையே நாம் அட்டையில் செய்கிறோம்.

1:35 அளவில் தொடங்கலாம். உருளையின் விட்டம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மாதிரியில் அது 43 மில்லிமீட்டர். சுற்றளவு 135 மில்லிமீட்டர். ஏ4 தாளில் தாராளமாக அடங்கும். 160 முதல் 200 ஜிஎஸ்எம் கனமுள்ள தாள் ஏற்றது. வெட்டும் முன் தாளை இரு திசைகளிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு திசையில் சுலபமாக வளையும். மறு திசையில் முரண்டு பிடிக்கும். சுலபமாக வளையும் பக்கமாகவே உருட்ட வேண்டும். இதைக் கவனிக்காதவர்களின் உருளை வட்டமாக வராது, முறிவு முறிவாக நிற்கும்.

உருட்டும் முன் முடிக்க வேண்டிய வேலை நிறைய. போல்ட் தலைகளுக்குத் தாளின் பின்புறத்திலிருந்து மை தீர்ந்த பேனா முனையால் அழுத்தினால், முன்பக்கம் சின்னப் புள்ளிகள் எழும்பும். துப்பாக்கி நீட்டும் துளைகளையும் அப்போதே வெட்டிவிட வேண்டும். உருட்டிய பிறகு கத்தி வைத்தால் உருளை நசுங்கும்.

அந்தத் துளைகளில் ஒரு தந்திரம் இருக்கிறது. உருளையின் பக்கங்களில் காணும் கறுப்புச் சதுரங்கள் எல்லாம் துளைகள் அல்ல. சில மெய்யானவை, மற்றவை வெறும் கறுப்பு வண்ணம். எதிரில் குறிபார்ப்பவன் எதைச் சுடுவதென்று குழம்பட்டும் என்ற ஏற்பாடு. மாதிரியிலும் சிலவற்றை மட்டும் வெட்டி, மீதியை வண்ணத்தால் நிரப்புங்கள். ஓரடி தூரத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. டப்ளினில் அவர்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

உருளையின் விளிம்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினால் படி தெரியும். இரண்டையும் முட்டவைத்து, உள்ளே ஒரு பட்டையை ஃபெவிகாலால் ஒட்டுங்கள்; அந்த இணைப்பு லாரித் தளத்தின் பக்கம் போகட்டும். உள்ளே தடித்த அட்டையில் வட்டங்கள் வெட்டி வைத்தால் வடிவம் குலையாது. தினசரி காலண்டரின் அட்டை இதற்கு அருமை. சக்கரத்துக்கும் அதே அட்டைதான்: அன்றைய லாரிச் சக்கரம் காற்றடைக்காத கெட்டி ரப்பர் என்பதால், வட்டங்களை அடுக்கி ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்தால் போதும். வெட்டிய ஓரங்களின் வெள்ளையைச் சாம்பல் நிறப் பென்சிலால் மறைக்க மறந்தால், முழு உழைப்பும் ஒரே பார்வையில் காகிதமென்று காட்டிக்கொடுத்துவிடும்.

அலமாரியில் வைக்கும்போது அழகுப் பொருளாக மட்டும் பார்க்க முடியாத வண்டி இது. நார்த் கிங் தெருவில் இந்த லாரிகள் சவுத் ஸ்டாஃபர்ட்ஷயர் படைப்பிரிவினரை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் இறக்கின. அந்தத் தெருச் சண்டையின்போது, ஆயுதமில்லாத ஆண்கள் பதினைந்து பேருக்குக் குறையாமல் வீடுகளுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். ஏப்ரல் 29 அன்று கிளர்ச்சியாளர்கள் சரணடைந்தார்கள். இந்த லாரிகளுக்குப் பிறகுதான் பிரிட்டனின் முதல் டாங்கி போர்க்களத்துக்கு வந்தது: அதே ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி, பிரான்சின் சோம் பகுதியில்.

டப்ளின் லாரிகளின் கவசத்தைக் கழற்றி, அவற்றைப் பீர் ஆலைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே மாதிரி செய்பவர்களுக்கு அன்றைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களே ஆதாரம். வண்டிக்கு வண்டி அமைப்பு மாறுவதால், ஒரே வண்டியின் படத்தைத் தேர்ந்துகொண்டு அதை மட்டும் பார்த்துச் செய்யுங்கள்.